பாளையங்கோட்டையில் ஒரு செஸ் கிளப்: சேரலாமா என்று கேட்பவர்களுக்கு

செஸ் சொல்லிக்கொடுக்கிற இடங்களுக்குப் பாளையங்கோட்டையில் இப்போது பஞ்சமில்லை. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்ட ஆசை, 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் பெற்றோரையும் பிடித்துக்கொண்டது. டியூஷன் சென்டர் வாசலில் எல்லாம் குதிரைப் படம் போட்ட பேனர் தொங்குகிறது. ஆனால் கற்றுக்கொள்கிற இடம் வேறு, ஆடுகிற இடம் வேறு. ஆட்டம் வளர வேண்டுமென்றால் போன வாரம் நம்மை அடித்த ஆளை இந்த வாரம் எதிரே உட்காரவைக்க ஓர் இடம் வேண்டும். அப்படி நம்பிச் சொல்லக்கூடிய இடம் நான் போகிற கிளப். குறைகளையும் சேர்த்தே எழுதப்போவதால் பெயர் போடவில்லை. நெல்லையில் செஸ் ஆடுகிறவர்கள் நாலு வரி படித்தால் எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்குக் கொக்கிரகுளத்தில் ஜெராக்ஸ் கடை. மகனைக் கொண்டுவிடுவதற்காகத்தான் அங்கே போக ஆரம்பித்தேன். அவன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டான். நான் ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

வ.உ.சி. மைதானத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடி. ஹாலில் முப்பது பலகை போடலாம். மேசை எல்லாம் கல்யாண வீட்டுப் பந்தி மேசைதான், ஆனால் ஆடாது; காலுக்கு அடியில் ரப்பர் வைத்திருக்கிறார்கள். பச்சையும் வெள்ளையுமான சுருட்டு போர்டு, அடியில் எடை வைத்த பிளாஸ்டிக் காய்கள், ராஜா சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர் உயரம். போட்டிகளில் இருக்கிற அதே அளவு. இதை ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்றால், வீட்டில் காந்த போர்டிலும் போனிலும் ஆடிப் பழகிய பிள்ளைகள் பெரிய போர்டைக் கண்டதும் தடுமாறுகிறார்கள். கண் முழுப் பலகையையும் ஒரே பார்வையில் அள்ளாது. மூலையில் நிற்கிற மந்திரி கண்ணில் படாமலே போய்விடும். முழு அளவு போர்டில் பழகினால்தான் அது சரியாகும்.

கடிகாரங்கள் பெரும்பாலும் டிஜிட்டல். அலமாரியில் சாவி கொடுக்கிற பழைய கடிகாரங்களும் இருக்கின்றன, இன்னும் ஓடுகின்றன. பெரியவர்கள் சிலர் அதில்தான் ஆடுவார்கள். நேரம் முடிவதைக் காட்டுகிற சின்னக் கொடி மெல்லத் தூக்கிக்கொண்டு வந்து டக்கென்று விழுகிற சத்தத்துக்கு ஹாலே திரும்பிப் பார்க்கும்.

மாதச் சந்தா பெரியவர்களுக்கு 300 ரூபாய், மாணவர்களுக்கு 150. சனிக்கிழமை சாயங்காலம் யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம். ஞாயிறு லீக். மாதத்தில் ஒரு ஞாயிறு டோர்னமென்ட், அதற்குத் தனியாக 100 ரூபாய். இந்தக் காசுக்குக் கோச் கிடையாது, பாடம் கிடையாது. நோட்டுப்புத்தகத்தோடு வந்து உட்காருகிற பிள்ளைகளின் பெற்றோர் முதல் வாரம் ஏமாந்துதான் போவார்கள்.

அவர்களை நான் சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஏணியைக் காட்டுவேன். கிளப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. உறுப்பினர் எல்லாருடைய பெயரும் அட்டைத் துண்டுகளில் எழுதி மேலிருந்து கீழாகச் செருகப்பட்டிருக்கும். உங்களுக்கு மேலே மூன்று இடம் வரை யாரையும் ஆட்டத்துக்கு அழைக்கலாம். அழைக்கப்பட்டவர் இரண்டு ஞாயிறுக்குள் ஆடியாக வேண்டும். ஆடாவிட்டால் இடம் போய்விடும். ஆளுக்கு அரை மணி நேரம். ஜெயித்தால் அவர் அட்டை இருந்த இடத்தில் உங்கள் அட்டை. டிரா என்றால் பழைய இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். வயது, படிப்பு, வேலை எதையும் இந்த ஏணி பார்க்காது. ரிட்டயர்டு தாசில்தாருக்கு மேலே ஆறாம் வகுப்புப் பையன் இருக்கிறான். தாசில்தார் ஐயா அவனைத் தேடிப் போய், "எய்யா, அடுத்த ஞாயிறு நமக்குத்தான் ஆட்டம், வந்துருவேல்லா?" என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் அன்றைக்கு நிமிர்ந்து நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இந்த ஏணியில் எனக்கு அடுத்த இடத்தில், சில சமயம் மேலே, சில சமயம் கீழே இருப்பது மேலப்பாளையத்திலிருந்து வருகிற ஒன்பதாம் வகுப்புப் பெண். அவள் வெள்ளையில் இத்தாலியன் என்கிற தொடக்கம்தான் ஆடுவாள். மந்திரியை சி4 கட்டத்தில் வைத்து, குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து எஃப்7-ஐக் குறிவைப்பாள். நாம் டி5 தள்ள, அவள் சிப்பாயால் அடிக்க, அதை நாம் குதிரையால் எடுத்தால் தீர்ந்தது: குதிரையை எஃப்7-இல் பலி கொடுத்து ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிடுவாள். இன்னொரு குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் மந்திரியை விரட்டுவதுதான் கறுப்புக்கு நல்ல பதில். அதை ஆடினால் உதட்டைச் சுழித்துக்கொண்டு, "அக்கா, படிச்சிட்டு வந்துட்டியளே" என்பாள். நான் வெள்ளையில் லண்டன் தொடக்கம் ஆடுவேன். அதற்கு அவள் வாராவாரம் ஒரு புது மருந்தோடு வருகிறாள்.

ஆட்டம் முடிந்ததும் காய்களை மறுபடி அடுக்கி எங்கே போனது என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பது இந்தக் கிளப்பில் எழுதாத சட்டம். தோற்றவர் கையைக் கொடுத்துவிட்டு எழுந்து போனால், "என்னவே, காட்டாம போறீரு?" என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வரும். அப்படி ஒரு நாள் அவளுக்கு நான் பிலிடோர் நிலையைச் சொல்லிக்கொடுத்தேன். எதிராளிக்கு யானையும் ஒரு சிப்பாயும், நமக்கு யானை மட்டும் என்று வந்துவிட்டால் எப்படி டிரா பிடிப்பது என்கிற பாடம். கொஞ்ச நாள் கழித்து ஏணி ஆட்டத்தில் அதே நிலை வந்தது. சிப்பாய் என்னிடம். அவள் ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் நிறுத்தினாள். தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் யானையை வைத்து என் ராஜாவை மேலே ஏறவிடாமல் தடுத்தாள். அங்குமிங்கும் ஓட்டிப் பார்த்தேன், யானை அந்த வரிசையை விட்டு அசையவில்லை. சிப்பாயை அதே வரிசைக்குத் தள்ளினேன். உடனே யானையை நேரே என் பக்கத்துக் கடைசி வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் மேல் செக். சிப்பாய் முன்னே போய்விட்டதால் என் ராஜா ஒதுங்க மறைவு கிடையாது. டிரா. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீங்க சொன்னதுதானக்கா" என்றாள். எனக்குக் கிடைக்க வேண்டிய இடம் போனது உண்மை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். எந்த ஆப்பிலும் இப்படி ஓர் எதிராளி கிடைக்கமாட்டாள். போனில் ஆடுகிற ஆட்டத்தில் எதிரே இருப்பவர் யாரென்றே தெரியாது, ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த நிமிடம் வேறு ஆள். நம் ஆட்டத்தை மாதக்கணக்கில் கவனித்து, நம் பலவீனத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிற ஆள் ஏணியில் பக்கத்து அட்டையில் இருக்கும்போதுதான் நமக்குப் புத்தகத்தைத் திறக்கத் தோன்றும்.

கிளப்பின் பெரிய பகை எங்களுடையது அல்ல. அரிசிக்கடை அண்ணாச்சிக்கும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சாருக்கும் நடப்பதுதான். என் மகன் சின்னப் பையனாக இருந்தபோதே அவர்கள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைக் கணக்கு நோட்டில் பற்று, வரவு என்று இரண்டு பத்தி போட்டு அண்ணாச்சி ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிந்துவைத்திருக்கிறார். அண்ணாச்சி வீரவநல்லூர்க்காரர். அப்பாவிடம் திண்ணையில் பழைய நாட்டு ஆட்டம் கற்றவர். அதில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றிக் கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். ஆட்டம் மெதுவாக நகரும், சிப்பாய்க்கு மதிப்பு அதிகம். அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, ராணிகள் மாறிவிட்டால் அண்ணாச்சியை இந்த ஹாலில் யாரும் அடிக்க முடியாது. சார் அப்படி இல்லை. காரோகான் என்கிற தொடக்கத்தில் இருபது நகர்த்தல் மனப்பாடம், தியரி என்றால் சார்தான். அதனால் சார் ராணியை மாற்றாமல் தப்பிக்கப் பார்ப்பார், அண்ணாச்சி மாற்றத் துரத்துவார். ஆட்டம் முழுக்க அந்த இழுபறிதான்.

"சார்வாள், ராணிய எத்தனை நேரம்தான் ஒளிச்சு வைப்பிய?"

"உம்ம கடைக்கு அரிசி வாங்க வரும்போது மாத்திக்கிடுவோம், இப்போ நகத்தும்வே."

பேசுவது தப்புதான், டோர்னமென்டில் இப்படிப் பேசினால் நடுவரான ஆர்பிட்டர் எச்சரிப்பார். ஏணி ஆட்டத்தில் அவர்கள் இருவருக்கும் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. சாருக்குக் கண் ஆபரேஷன் ஆகி வராமல் இருந்த நாட்களில் அண்ணாச்சி வேறு யாரோடும் அந்த மேசையில் உட்காரவில்லை. நோட்டையும் போர்டையும் எடுத்துக்கொண்டு தியாகராஜ நகருக்கு சார் வீட்டுக்கே போய், காய்களின் இடத்தை வாயால் சொல்லிச் சொல்லி ஆடிவிட்டு வந்தார்.

2024 டிசம்பர் 12 வியாழக்கிழமை, குகேஷ் ஆடிய உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம். வேலை நாள்தான், இருந்தும் கிளப்பைத் திறந்து சுவரில் புரொஜெக்டர் போட்டார்கள். பதின்மூன்று ஆட்டம் முடிந்து ஆளுக்கு ஆறரைப் புள்ளி. பதினான்காவது ஆட்டத்தில், அதுவரை சாம்பியனாக இருந்த டிங் லிரென் வெள்ளை. டிரா ஆகும், மறுநாள் ரேபிட் என்கிற வேக ஆட்டம்தான் என்று பாதிப் பேர் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யானைய மாத்தச் சொல்லு, மந்திரியையும் மாத்திருவான், அந்தால சிப்பாய் ஆட்டம்தான், முடிஞ்சிது!" குகேஷ் யானையை அடித்தார், மந்திரியை டி5-இல் நிறுத்தினார், மந்திரிகளும் மாறின. டிங் 58 நகர்த்தலில் கை கொடுத்தார். பதினெட்டு வயதில் உலக சாம்பியன். சார் அண்ணாச்சியின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார். கம்ப்யூட்டர் கணக்கு திரையில் மாறுவதற்குள் வீரவநல்லூர்த் திண்ணை ஆட்டக்காரர் அதைக் கண்டுவிட்டார் என்பதை அங்கே இருந்த பிள்ளைகள் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

டோர்னமென்ட் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்விஸ் முறையில் ஆறு ரவுண்டு, ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து விநாடி கூடுதல். ஸ்விஸ் என்றால் தோற்றவுடன் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு ரவுண்டிலும் உங்களைப் போலவே புள்ளி எடுத்தவரோடு ஜோடி போடுவார்கள், ஒருவரோடு ஒருமுறைதான். முதல் இரண்டு ரவுண்டு தோற்ற குழந்தைக்கு மூன்றாவதில் அதே நிலையில் இருக்கிற ஆள் கிடைப்பார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை, நாக் அவுட் போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அரை மணியில் அழுகையோடு திரும்பிய பெற்றோர் அறிவார்கள்.

விதிகளை இங்கே உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே சொல்கிறபடிதான் நடத்துகிறார்கள். தொட்டால் நகர்த்த வேண்டும். கோட்டை கட்டும்போது ராஜாவை முதலில் தொட வேண்டும், யானையைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலில் அந்தப் பக்கம் கோட்டை கிடையாது. காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். ஒருமுறை அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பையன் இரண்டு கையாலும் கோட்டை கட்டிவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினான். ஆர்பிட்டர் கடிகாரத்தை நிறுத்தி, விதியை அவனுக்குப் புரிகிற மாதிரி விளக்கி, எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுத்தார். இன்னொரு தடவை செய்தால் ஆட்டமே போய்விடும் என்றார். பையன் முகம் சுண்டிவிட்டது, ஆனால் பிறகு வெளியூரில் பெரிய போட்டிக்குப் போனபோது அவனுக்கு அந்தத் தொல்லை வரவில்லை. கண்டிப்பும் வேண்டும், அதட்டாமலும் இருக்க வேண்டும். இவர்களிடம் இரண்டும் இருக்கிறது.

குறை என்று பார்த்தால், நேரம். ஆளுக்குப் பதினைந்து நிமிடமும் ஐந்து விநாடியும் என்றால் அறுபது நகர்த்தல் போனாலும் ஓர் ஆட்டம் நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டும். ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டு இடைவேளையோடு மூன்று மணிக்குப் பரிசு கொடுத்துவிடலாம். நடப்பது அப்படி இல்லை. முதல் ரவுண்டே பத்தரை ஆகிவிடுகிறது, கடைசி நிமிடத்தில் பெயர் கொடுக்க வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். சங்கரன்கோவிலிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறி வந்தவர்கள் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்க, உள்ளூர்க்காரர்களுக்காகத் தாமதிப்பது நியாயம் இல்லை. இதை நான் கமிட்டியிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது டைபிரேக். இரண்டு பேர் ஐந்து ஐந்து புள்ளியில் நின்றால் யாருக்குக் கோப்பை என்பதைப் புக்கோல்ஸ் என்கிற கணக்கு முடிவு செய்கிறது. நீங்கள் ஆடிய எதிராளிகள் எல்லாரும் எடுத்த புள்ளிகளின் கூட்டல் அது. பலமானவர்களோடு ஆடியவருக்கு அதிகம் வரும். நியாயமான கணக்கு. ஆனால் அதைக் காலையிலேயே பெரிய எழுத்தில் சுவரில் ஒட்ட வேண்டும். சாயங்காலம் கோப்பை கைமாறும்போது விளக்க ஆரம்பித்தால், "எம்பிள்ளையும் அஞ்சுதானே எடுத்திருக்கான்?" என்று ஒரு தகப்பனார் கேட்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மாடிப்படி செங்குத்து, பிடிக்கக் கம்பி ஒரு பக்கம்தான் இருக்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம். மே மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் ஹாலில் வெக்கை தாங்காது. பெண்கள் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் பல மாதமாகச் சரியில்லை. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. ஹாலில் ஐம்பது பேர் இருக்கிற நாளில் பெண்களும் பெண்பிள்ளைகளும் ஏழெட்டுப் பேர்தான். கிராண்ட்மாஸ்டர் வைஷாலியைக் கொண்டாடுகிற ஊரில் பெண்பிள்ளைகள் பத்து வயதுக்குப் பிறகு ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று கூட்டத்தில் கேட்கிறவர்கள், முதலில் அந்தத் தாழ்ப்பாளை மாற்றட்டும்.

இங்கே நடப்பவை ஃபிடே ரேட்டிங், அதாவது ஆடுகிறவரின் பலத்தைக் காட்டுகிற எண், கிடைக்கிற போட்டிகள் அல்ல. ரேட்டிங் வேண்டுமென்றால் வெளியே நடக்கிற ரேட்டிங் டோர்னமென்ட்களுக்குப் போய், ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச் முதல் பட்டியலில் ஏறவே 1400 வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புள்ளி ஏற்ற இறக்கத்தைப் பெருக்குகிற எண் 40 என்பதால், சமமான ஆளிடம் ஓர் ஆட்டம் தோற்றால் 20 புள்ளி இறங்கும், ஜெயித்தால் 20 ஏறும். மூன்று தோல்வியில் 60 போனது என்று பிள்ளையை வழி நெடுகத் திட்டிக்கொண்டு போகிற பெற்றோரை நான் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். அவசரப்படாதீர்கள். ஒரு வருடம் இந்த ஏணியில் ஏறி இறங்கட்டும். ஆட்டத்தை எழுதப் பழகட்டும், கடிகாரம் பார்க்கப் பழகட்டும், தோற்ற கையோடு காய்களை அடுக்கிப் பேசப் பழகட்டும். அதன்பின் ரேட்டிங் போட்டிக்கு அனுப்புங்கள்.

குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் ஒரு ஞாயிறு தென்காசிக்காரர்களோடு எட்டுப் பலகை ஆட்டம் உண்டு. ஒரு வருடம் நாங்கள் போவோம், ஒரு வருடம் அவர்கள் வருவார்கள். தோற்ற அணி சாப்பாடு போட வேண்டும். போன வருடம் நாங்கள்தான் போட்டோம், சொதிச் சாப்பாடு. இந்த வருடம் நான்காவது பலகையில் யார் என்பது ஏணியில் எனக்கும் மேலப்பாளையத்துப் பெண்ணுக்கும் நடக்கப்போகிற ஆட்டத்தைப் பொறுத்தது.

சேர வருகிறவர்கள் பேனாவும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவாருங்கள். போனை வாசலில் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள், டோக்கன் தருவார்கள். முதல் நாள் சந்தா கட்ட வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஆடிப் பாருங்கள். ஜன்னலோர மேசையில் மட்டும் உட்காராதீர்கள்.